கரியமில வாயுவுக்கும் ஒரு பேரேடு

நூல் கொடுத்துத் துணி வாங்கும் நெசவாளர் சங்கமாயினும், கடன் கொடுத்து அறுவடையில் வசூலிக்கும் விவசாயிகள் சங்கமாயினும், சங்கத்தின் உயிர்நிலை அதன் கணக்கில் இருக்கிறது. திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904ஆம் ஆண்டில் கிராமக் கடன் சங்கம் தோன்றிய நாள் தொட்டு, ஓர் அங்கத்தினர் மற்றோர் அங்கத்தினரை நம்புவதற்கு ஆதாரமாய் நின்றது பேரேடு ஒன்றே. எடை சரியாக இருந்த இடத்தில் சங்கம் வளர்ந்தது. எடை பிசகிய இடத்தில் சங்கம் கலைந்தது. இது நாம் யாவரும் அறிந்த உண்மை.

இப்போது நம் வாசலில் ஒரு புதுக் கணக்கு வந்து நிற்கிறது. வயலிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் காற்றில் கலக்கும் வாயுக்கள் எவ்வளவு, மரமும் மண்ணும் ஈர்த்து வைத்துக்கொள்பவை எவ்வளவு என்று எழுதும் கணக்கு அது. இதனைக் கார்பன் கணக்கு என்று அழைக்கின்றனர். நெல் வயலில் நீர் கட்டும் முறையை மாற்றினால் பணம் தருகிறோம், வரப்பில் மரம் நட்டால் பணம் தருகிறோம் என்று கூறி, ஒப்பந்தத் தாள்களுடன் நிறுவனங்கள் நாட்டின் பல மாநிலங்களில் விவசாயிகளை நாடுகின்றன. அத்தாளில் கையெழுத்திடுவதற்கு முன் இக்கணக்கைப் படிக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத கணக்கில் கையெழுத்திட்டவன் கதி என்னவென்று கந்துவட்டிக்காரனிடம் சிக்கிய நம் முன்னோர் நன்கு அறிவர்.

கேட்பவர் யார்?

முதலில் கேட்பது உலக நாடுகளின் உடன்படிக்கை. அதன்படி நம் அரசாங்கம் ஐக்கிய நாடுகள் சபையின் பருவநிலை அமைப்புக்குக் காலந்தோறும் கணக்கு ஒப்படைக்கிறது. 2024 டிசம்பரில் ஒப்படைத்த அறிக்கை 2020ஆம் ஆண்டின் கணக்கைக் கூறுகிறது. அவ்வாண்டில் நம் நாட்டிலிருந்து வெளியேறிய வாயுக்கள், கரியமில வாயுவின் நிறுவைக்கு மாற்றிச் சொன்னால், ஏறத்தாழ 296 கோடி டன். இதில் விவசாயத்தின் பங்கு 13.72 சதவீதம். காடுகளும் நிலங்களும் ஈர்த்துக்கொண்டது சுமார் 52 கோடி டன். ஆகவே நிகரக் கணக்கு 244 கோடி டன் அளவில் நிற்கிறது. முந்திய ஆண்டைவிட வெளியேற்றம் ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அது பெருந்தொற்றினால் ஆலைகளும் வண்டிகளும் நின்றுபோன ஆண்டு என்பதை மறந்து அவ்வெண்ணைப் படிப்பது தவறாகும். எந்த ஐந்தொகையையும் அந்த ஆண்டின் நிலைமையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அடுத்துக் கேட்பவை பெரிய கம்பெனிகள். பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் தம் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றிய அறிக்கையை வெளியிட வேண்டும் என்று செபி விதித்தது. அரிசியோ, சர்க்கரையோ, துணியோ விற்கும் கம்பெனியின் கணக்கில் பெரும்பகுதி அதன் ஆலைக்குள் இல்லை. நெல்லும் கரும்பும் பருத்தியும் விளையும் வயலில் இருக்கிறது. ஆகையால் அந்தக் கேள்வி ஆலையிலிருந்து வியாபாரிக்கும், வியாபாரியிடமிருந்து நமக்கும் இறங்கி வருகிறது.

மூன்றாவதாக வருவது சந்தை. நம் நாட்டில் கார்பன் வரவு வாணிபத் திட்டம் 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. விவசாயத் துறையில் தன்விருப்பச் சந்தைக்கான ஒரு வழிமுறையை மத்திய வேளாண்மை அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. விவசாயி இதில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேருவதும் விடுவதும் அவர் விருப்பம். விருப்பம் என்று வரும்போதுதான் விவரம் தெரிந்திருப்பது மிக அவசியமாகிறது.

மலை கற்பிக்கும் பாடம்

கார்பன் கணக்கின் அடிப்படை விதிகளை விளக்கத் தூர தேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, அருணாசல மலையின் தென்புற அடிவாரத்தில் உள்ள ரமணாசிரமம் பகுதியே போதும்.

ரமண மகரிஷி வாழ்ந்த காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களில் மலைச்சரிவு பெரும்பாலும் புல்லும் பாறையுமாகத் தோன்றுகிறது. இன்று ஆசிரமத்தின் பின்புறத்திலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதை மரநிழலில் செல்கிறது. இம்மாற்றம் தானாக நேர்ந்ததன்று. 1988ஆம் ஆண்டில் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் தோன்றிக் கன்று நடும் பணியைத் தொடங்கியது. பிற்காலத்தில் ஃபாரஸ்ட் வே என்னும் அறக்கட்டளை நாற்றங்கால் வைத்தும், தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியும், கோடையில் பற்றும் தீயை அணைக்க ஆட்களைத் திரட்டியும் அப்பணியைத் தொடர்ந்து வருகிறது.

இதில் கார்பன் கணக்கின் நான்கு விதிகள் அடங்கியுள்ளன. ஒவ்வொன்றும் நம் சங்கக் கணக்கில் பழகிய விதியே.

முதலாவது, தொடக்க இருப்பு. ஆண்டுத் தொடக்கத்தில் கையிருப்பு என்ன என்று தெரியாமல் இலாபத்தைக் கூற இயலாது. மலை முன்பு எந்நிலையில் இருந்தது என்பதற்குப் பழைய படங்கள் சாட்சி. நம் வயல் முன்பு எந்நிலையில் இருந்தது என்பதற்குச் சாட்சி எது?

இரண்டாவது, கூடுதல் பயன். முயற்சி இல்லாவிடினும் தானாக நிகழ்ந்திருக்கக் கூடியதை வரவில் எழுதலாகாது. கன்று நடாமலும் தீ தடுக்காமலும் விட்டிருந்தால் மலை புல்மேடாகவே இருந்திருக்கும் என்று காட்ட முடிந்தால்தான் மரங்கள் வரவாகும்.

மூன்றாவது, நிலைத்து நிற்றல். உலர்ந்த எடை 200 கிலோ உள்ள ஒரு மரத்தில் கரிமம் சுமார் 94 கிலோ இருக்கும். அதைக் கரியமில வாயுவாக மாற்றிக் கணக்கிட்டால் 345 கிலோ. அதனை ஈர்த்து வைக்க மரத்துக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. காற்றில் திருப்பி விடக் கோடைத் தீ ஒன்று போதும். ஆகவேதான் மரம் வளர்க்கும் கார்பன் திட்டங்களில் வரவின் ஒரு பகுதியை விற்காமல் ஒதுக்கி வைக்கின்றனர். நம் சங்கங்கள் இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்குவது போன்றதே இது. புல் எரிவதற்கு மட்டும் விதி சற்று வேறு. அடுத்த மழையில் புல் மீண்டும் வளர்ந்து அதே கரியமில வாயுவை ஈர்த்துக்கொள்வதால், அதனைச் செலவில் எழுதுவதில்லை. எரியும்போது உடன் எழும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டும் எழுதுவர்.

நான்காவது, உரிமை. மலைக்காடு வனத்துறையின் ஆளுகையில் உள்ளது. கன்று நட்டவர் அதன் கரிமத்துக்கு உரியவர் ஆகிவிடமாட்டார். குத்தகை நிலத்தில் உழைக்கும் நம் அங்கத்தினர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுபவர் குத்தகைதாரர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பட்டாதாரர் என்றால், பணம் யாருக்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு ஏக்கர் நெல்லின் வரவு செலவு

மலையிலிருந்து வயலுக்கு இறங்குவோம். நீர் கட்டிய நெல் வயலில் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளை உண்டு மீத்தேனை வெளியிடுகின்றன. சாண எரிவாயுக் கலத்தில் நிகழ்வதும் இதுவே. நூறாண்டுக் காலத்தை வைத்துக் கணக்கிடும்போது ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

உலக நாடுகள் பின்பற்றும் ஐ.பி.சி.சி. வழிகாட்டியின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், தெற்காசியாவில் இடைவிடாது நீர் நிற்கும் வயலுக்கு ஒரு ஹெக்டேருக்கு நாள் ஒன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று பொது அளவு வகுத்துள்ளது. பயிர் வயலில் 100 நாள் நிற்பதாகக் கொண்டால், ஏக்கருக்கு 34 கிலோவுக்குச் சற்று அதிகம். கரியமில வாயுவாகச் சுமார் 963 கிலோ.

இதே வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் என்ன ஆகும்? துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சுவது இம்முறை. பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் நிறுத்த வேண்டும். பலமுறை நீர் வடியும் வயலில் மீத்தேன் 0.55 பங்காகக் குறையும் என்பது வழிகாட்டியின் அளவு. ஆகவே 963 கிலோ 530 கிலோவாகிறது. மிச்சம் 433 கிலோ.

ஆனால் நேர்மையான கணக்கன் இங்கே பேனாவை வைத்துவிடக் கூடாது. வயல் காய்ந்து நனையும்போது மண்ணில் இட்ட தழைச்சத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு சற்று மிகுதியாக எழும். அதன் ஒரு கிலோ, கரியமில வாயுவின் 265 கிலோவுக்குச் சமம். ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து இட்டிருந்தால் இவ்வகையில் சுமார் 42 கிலோ செலவு கூடும். அதனைக் கழித்தால் நிகர மிச்சம் ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 390 கிலோ. டன்னில் சொன்னால் அரை டன்னுக்கும் குறைவு.

இந்த எண்ணை நம் அங்கத்தினர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு டன்னுக்கு என்ன விலை பேசினாலும், ஒரு ஏக்கர்க்காரருக்கு அதில் பாதிகூடக் கிட்டாது. அதிலும் அளப்பவர், சரிபார்ப்பவர், பதிவு செய்பவர் என்று பலரின் கட்டணம் கழிய வேண்டும். தனித்து நிற்பவருக்கு மிஞ்சுவது சொற்பம். ஆயிரம் ஏக்கர் ஒன்று சேர்ந்தால் அதே கட்டணம் பரவலாகிப் பாரம் குறையும். கூட்டுறவின் பழைய நியாயம் இங்கும் அப்படியே பொருந்துகிறது.

மேலும், காய்ச்சலும் பாய்ச்சலும் தரும் மெய்யான இலாபம் கிணற்று நீரில் இருக்கிறது. நீர் மிச்சமானால் அடுத்த பயிருக்கு உதவும். கார்பன் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த இலாபம் நம்முடையது.

உரமூட்டையும் பசுமாடும்

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. புஞ்சை நிலத்தில் அதனை இட்டால், நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக எழும் என்ற பொது அளவின்படி, கரியமில வாயுவாகச் சுமார் 86 கிலோ. யூரியாவுக்குள் அடங்கிய கரிமம் மண்ணில் விடுபடுவதால் மேலும் 33 கிலோ. ஆக, மூட்டை ஒன்றுக்கு 119 கிலோ. ஆலையில் அதனைத் தயாரிக்க எரிந்த எரிபொருள் இதில் சேரவில்லை. மண் பரிசோதனை செய்து ஒரு மூட்டையைக் குறைத்தால் பணமும் மிச்சம், கணக்கும் மிச்சம். தழைச்சத்தைத் தானே மண்ணில் சேர்க்கும் மணிலாப் பயிர் இவ்வகையில் நம் மாவட்டத்துக்கு ஒரு பேறு.

பசுவின் கணக்கு பலருக்கு வியப்பளிக்கும். அசைபோடும் வயிற்றிலிருந்து இந்தியத் துணைக்கண்டத்துக் கறவைப் பசு ஒன்று ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் விடுகிறது என்பது வழிகாட்டியின் 2006ஆம் ஆண்டுப் பொது அளவு. கரியமில வாயுவாக 1,624 கிலோ. ஒரு போக நெல் வயலைவிட அதிகம். இதைக் கேட்டுப் பசுவை விற்க வேண்டும் என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம். அதே பசுவின் சாணம் எருவாகி உரமூட்டையைக் குறைக்கிறது. பச்சை வைக்கோலை நடவுக்குச் சற்று முன் மடக்கி உழுது நீர் கட்டுவதைக் காட்டிலும், நன்கு மக்கிய எருவை இடும் வயலில் மீத்தேன் குறைவு. ஒரு பக்கத்தை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வது கணக்கறிவு ஆகாது.

நெசவாளருக்கு இதில் என்ன?

கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம். மிதிக்கும் காலும் வீசும் கையுமே அதன் இயந்திரம். ஆகவே தறிமேடையில் செலவுப் பக்கம் ஏறக்குறைய வெறுமை. ஆனால் பருத்தி வயலின் உரமும், நூல் ஆலையின் மின்சாரமும், சாயத்தொட்டிக்குக் கீழே எரியும் விறகும் துணியோடு சேர்ந்தே வருகின்றன. வாங்குபவர் கேட்பது இவை அனைத்தின் கணக்கு. சாயச்சாலையில் எரிந்த விறகுக்கும் வாங்கிய நூலுக்கும் இரசீது வைத்திருக்கும் சங்கம், கேட்ட அன்றே விடை கூற இயலும்.

நெசவாளர் சங்கத்தில் நூலை நிறுத்துக் கொடுக்கிறோம். துணியை நிறுத்து வாங்குகிறோம். கழிவுக்கு இவ்வளவு என்று அனுமதிக்கிறோம். ஒரே பாவை இருவர் பெயரில் வரவு வைத்தால் அன்றே கண்டுபிடித்துவிடுவோம். கார்பன் கணக்கில் அப்பிழை எளிதில் நுழையும். வயலில் மிச்சமான அதே 390 கிலோவை விவசாயி விற்கிறார். ஆலை தன் அறிக்கையில் எழுதுகிறது. வெளிநாட்டு வியாபாரியும் தன் பங்கென்று காட்டுகிறார். காற்றில் குறைந்தது ஒருமுறை. காகிதத்தில் குறைந்தது மூன்றுமுறை. ஒருமுறை விற்றதை மறுபடி விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும். அது தெரியாமல் ஆலைக்கும் எழுதிக்கொடுப்பவர் வம்பில் மாட்டிக்கொள்வார்.

சிக்கனக்காரருக்கு நேரும் அநீதி

இவ்விடத்தில் ஒரு சங்கடத்தை மறைக்காமல் கூற வேண்டும். திருவண்ணாமலை வட்டாரத்தில் கிணற்றுப் பாசனமே மிகுதி. நீர் போதாமையால் பல வயல்கள் ஏற்கெனவே காய்ந்தும் நனைந்துமே விளைகின்றன. அவற்றில் தொடக்க இருப்பே குறைவு. ஆகவே காட்டக்கூடிய மிச்சமும் குறைவு. நீரைத் தாராளமாகக் கட்டி வந்தவர் இன்று குறைத்தால் பணம் பெறுவார். என்றும் சிக்கனமாய் இருந்தவர் வெறுங்கையோடு நிற்பார். கணக்கின் விதிப்படி இது சரியே. நியாயத்தின்படி சரியா என்பது வேறு கேள்வி.

இச்சங்கடத்துக்கு விடையாக, என்றும் நீர் நின்ற வயல் என்று பொய்யாக எழுதிக்கொடுக்கும்படி எவரேனும் தூண்டினால் நம் அங்கத்தினர் இணங்கலாகாது. வெர்ரா என்னும் பன்னாட்டுப் பதிவு அமைப்பு, சீனாவில் 37 நெல் சாகுபடித் திட்டங்களை 2024ஆம் ஆண்டில் மறுபரிசீலனைக்குப் பின் தள்ளுபடி செய்தது. கணக்கு நில்லாவிடில் திட்டம் முழுவதும் சரிகிறது. அப்போது மெய்யாக உழைத்த விவசாயியும் பொய்யரோடு சேர்ந்தே சரிகிறார். சிக்கனக்காரருக்கு உதவ வேண்டுமாயின் அதற்கு நேர்வழி, சங்கம் பெறும் தொகையில் ஒரு பகுதியைக் கிணறு, வாய்க்கால், மண் பரிசோதனை போன்ற பொதுப்பயனுக்கு ஒதுக்குவதேயாகும்.

சங்கம் செய்ய வேண்டுவன

இக்கணக்கின் பாதி ஏற்கெனவே நம் அலமாரியில் இருக்கிறது. எந்த அங்கத்தினர் எத்தனை மூட்டை யூரியா வாங்கினார் என்பது கூட்டுறவு சங்கத்தின் உர விற்பனைப் பதிவில் உள்ளது. பயிர்க்கடன் மனுவில் ஏக்கரும் பயிரும் உள்ளன. பால் சங்கத்தின் ஏட்டிலிருந்து கறவை நிலையை அறியலாம். எந்தச் சர்வே எண்ணில் எந்தப் போகத்தில் எது விளைந்தது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் கூறும். இவற்றோடு மூன்று விவரங்களைச் சேர்த்தால் போதும்: நட்ட நாளும் அறுத்த நாளும், நீர் விட்ட நாட்கள், வரப்பு மரங்களின் எண்ணிக்கையும், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுத்த சுற்றளவும். பள்ளிப் பிள்ளைகூட ஒரு நோட்டில் இவற்றை எழுதி வைக்கலாம்.

விளைநிலம் கைமாறுவதையும் அதே நோட்டில் குறிப்பது நலம். ரமணாசிரமம் பகுதியிலும் கிரிவலப் பாதையை ஒட்டியும் வயலாக இருந்த நிலங்கள் பல மனைகளாகிவிட்டன. வயல் மனையாகும்போது மரமும் மண்ணின் கரிமமும் செலவுப் பக்கம் போகின்றன.

ஒப்பந்தத் தாள் வரும்போது அதனைத் தனி ஆளாகக் கையெழுத்திடாமல் சங்கத்தின் பொதுக்குழுவில் தமிழில் படிக்கச் செய்ய வேண்டும். எத்தனை ஆண்டு? அதற்குள் பயிர் மாற்றவோ, மரம் வெட்டவோ, நிலம் விற்கவோ உரிமை உண்டா? அளப்பதற்கு யார் செலவு? விற்ற விலையில் நமக்கு எத்தனை பங்கு, எந்நாளில் தருவார்கள்? தீயோ புயலோ வந்தால் நஷ்டம் யாருக்கு? நம் வயலின் கணக்குப் பிரதி நமக்குக் கிடைக்குமா? இந்த ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வராவிட்டால், பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது உத்தமம்.

பிறர் நம்மை எடை போடுமுன் நம் தராசில் நாமே நிறுத்துப் பார்த்துக்கொள்வது கூட்டுறவின் மரபு. வருகிற போகத்தின் நடவு நாளிலிருந்தே ஒவ்வோர் அங்கத்தினரும் அந்த நோட்டைத் தொடங்குவாராக. கார்பன் பணம் என்று வருமோ, எவ்வளவு வருமோ, அது சந்தையின் பாடு. உரத்திலும் நீரிலும் மிச்சமாகும் காசை அந்நோட்டு இவ்வாண்டே காட்டிவிடும்.